தலைமறைவு: சினிமாவும் கேமும் ஸ்டேஷனும்

எங்க ஊர் சங்கரன்கோவிலில், தறிக்கூடத்திலும் டீக்கடையிலும், ஒரே வாயிலிருந்து இரண்டு கருத்துகள் வருகின்றன. ‘இந்தக் கேம் விளையாடித்தான் பயலுவ கெட்டுப் போறானுவ’ என்பது ஒன்று. ‘நாலு பேரை என்கவுன்டர்ல போட்டாத்தான் நாடு உருப்படும்’ என்பது மற்றொன்று. முதலாவதில் வன்முறை பையனைக் கெடுக்கிறது. இரண்டாவதில் அதே வன்முறை நாட்டைத் திருத்துகிறது. இந்த முரண் சொல்கிறவருக்கு உறைப்பதேயில்லை. துப்பாக்கி யார் கையில் இருக்கிறது, யார் நெஞ்சுக்கு நேரே இருக்கிறது என்று பார்த்துத்தான் பொதுப்புத்தி வன்முறைக்குப் பெயர் வைக்கிறது.

இந்தப் பொதுப்புத்தி நம் தெருக்களுக்குள்ளும் இருக்கிறது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. 2006க்குப் பிறகு, அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி வழியாகத்தான் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு டிவி வந்தது. அந்த டிவியில் திரும்பத் திரும்ப ஓடிய படங்களில் ஒன்று ஹரி இயக்கிய ‘சாமி’ (2003). கதை நடப்பது திருநெல்வேலியில். நம்ம ஊர்ப் பேச்சு, நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு. கைதட்டாதவர் யார்?

படத்தின் முடிவை நினைவுபடுத்திப் பாருங்கள். போலீஸ் அதிகாரியான கதாநாயகன் வில்லனைக் கொன்று செங்கல் சூளையில் எரித்துவிடுகிறான். வெளியுலகத்துக்கு அந்த ஆள் தலைமறைவு. பிணமில்லை, வழக்கில்லை, நீதிபதியில்லை. தியேட்டரில் விசில் பறக்கிறது.

இதற்குப் பத்து வருஷம் முன்னால், 1993இல், கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு ராஜாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியைத் திருட்டு வழக்கு விசாரணை என்று கொண்டுபோனார்கள். குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் எங்கே என்று மனைவி கேட்டபோது கிடைத்த பதில், தப்பி ஓடிவிட்டான் என்பது. ஸ்டேஷனுக்குள் அடித்தே கொன்றிருந்தார்கள். பிணம் வேறொரு காவல் நிலைய எல்லையில் கிடந்தது. அந்தப் பெண் விடவில்லை. அன்றைக்கு வழக்கறிஞராக இருந்த சந்துரு ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போன பிறகுதான் ‘தப்பி ஓடியவன்’ கொலை செய்யப்பட்டவன் ஆனான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. சூளையில் எரித்துவிட்டுத் தலைமறைவு என்பதும், அடித்துக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடிவிட்டான் என்பதும் ஒரே வாக்கியம். முதலாவதுக்கு விசிலடித்த நாம், இரண்டாவதை 2021இல் ‘ஜெய் பீம்’ படமாகப் பார்த்து அழுதோம். அழுததில் குற்றமில்லை. அந்த விசிலுக்கும் இந்த அழுகைக்கும் உள்ள உறவைப் பேசாமல் விட்டதுதான் குற்றம்.

த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ முக்கியமான படம். சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்டு, ஆதிக்க சாதிக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றவனைப் புது வழக்குக்காக ஒதுக்கி நிறுத்துகிற முதல் காட்சிக்கு நிகராகத் தமிழ் சினிமாவில் அதிகம் இல்லை. ஆனால் அதே படத்தில் நேர்மையான அதிகாரியாக வரும் பிரகாஷ்ராஜ், இந்தியில் பேசுகிற ஒருவனைக் கன்னத்தில் அறைகிறார். விசாரணையில் அடிப்பதற்கு எதிரான படத்திலேயே விசாரணையில் ஒரு அடிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல போலீஸ் அடித்தால் நல்ல அடி! பொதுப்புத்திக்குத் தரப்பட்ட கப்பம் என்றுதான் அதை வாசிக்கிறேன்.

இனி கேமுக்கு வருகிறேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து எங்கள் பையன்கள் விளையாடிய ‘ஜிடிஏ’ வகையில், ‘சான் ஆண்ட்ரியாஸ்’ (2004) என்று ஒன்று உண்டு. அதன் நாயகன் கறுப்பு இளைஞன். தாய் செத்த செய்தி கேட்டு ஊர் திரும்புகிறவனை முதலில் மறிப்பது போலீஸ். காசைப் பறித்துக்கொண்டு, செய்யாத கொலையை அவன் தலையில் போடுவேன் என்று மிரட்டுகிறது. கடைசியில் அந்த அதிகாரி வழக்கிலிருந்து விடுபடும்போது நகரம் பற்றி எரிகிறது. 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ராட்னி கிங்கைப் போலீசார் அடித்ததும், 1992இல் அவர்கள் விடுவிக்கப்பட்டபோது கறுப்பர்கள் கொதித்தெழுந்ததும்தான் அதற்கு அடிப்படை. இன்னொன்று: அந்த விளையாட்டில் நீ தேடப்படும் ஆளானால் திரையில் நட்சத்திரம் ஏறும். போலீஸுக்கான லஞ்சம் என்றே பெயரிட்ட ஒரு சின்னத்தை எடுத்தால் ஒரு நட்சத்திரம் குறையும். பையன்களைக் கெடுப்பதாகச் சொல்லப்படும் கேம், நம் போலீஸ் படங்கள் மறைப்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. அதற்காக அதைக் கொண்டாடச் சொல்லவில்லை. அதிலும் பெண் வெறும் பண்டம், கறுப்பன் வாழ்க்கை கம்பெனிக்குச் சரக்கு. அதிலும் நீதிமன்றத்தால் எதுவும் முடிவதில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருத்தன். வேலை முடிந்து ராத்திரி பைக்கில் வந்தவனை நிறுத்தி, ‘எந்தத் தெருடா?’ என்று கேட்டார்கள். தெருப் பேர் சொன்னதும் வண்டியிலேற்றினார்கள். விடியும்வரை ஒரு ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். நாங்கள் போய்க் கேட்டபோது, ‘சும்மா விசாரணை’ என்றார்கள். அவன் கன்னம் வீங்கியிருந்தது. அடுத்த வாரம் அவனே என்னிடம், ‘அண்ணே, ரௌடிப் பயலுவள சுட்டாத் தப்பில்ல’ என்றான். நான் கேட்டேன்: ‘ஏல, அன்னைக்கு அவங்க கணக்குல நீ யாரு?’ அவனிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் இந்த விமர்சனத்தின் மையம். 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டபோது பூத்தூவினார்கள். 2022இல் வெளியான சிர்புர்கர் ஆணைய அறிக்கை, அது வேண்டுமென்றே கொல்லும் நோக்கத்தோடு சுட்டது என்றது. பூத்தூவியவர்கள் திரும்பி வந்து எதையும் பொறுக்கவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் அடித்துக் கொன்ற பிறகு, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்கு வேதனைப்படுவதாக இயக்குநர் ஹரி அறிவித்தார். நல்லது. ஆனால் 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து சூறையாடியது. 1999 ஜூலையில் தாமிரபரணியில் பதினேழு உயிர் போனது. அவற்றுக்குப் பிறகுதானே அந்தப் படங்கள் வந்தன? அப்போது ஏன் யாருக்கும் வேதனை வரவில்லை? செத்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் வேதனையும் வருகிறது.

ஆகவே, ‘கேம் கெடுக்குது’ என்று பையன் கையிலிருந்து போனைப் பிடுங்குவது வேலைக்காகாது. படம் முடிந்ததும் மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள். அடி வாங்குகிறவன் எந்தத் தெருக்காரன்? அவன் பக்கத்தைச் சொல்ல யாராவது இருந்தார்களா? அவனை நீதிபதி முன்னால் நிறுத்தினார்களா? மாணவர்கள் தம் தெருவில் ஸ்டேஷனுக்குப் போய் வந்தவர்களின் வாய்மொழியைத் தேதியோடு எழுதி வையுங்கள். தலைமறைவு என்று நம் ஆளை அவர்கள் எழுதும் நாளில், இல்லை என்று சொல்ல நம்மிடமும் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.