பக்கத்தில்தானே போகிறோம் என்ற கணக்கு

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால், பைக்குகள் கூட்டம் கூட்டமாக மாமல்லபுரம் நோக்கிப் போவதைக் காணலாம். ஓட்டுபவர்களில் பலர் ஜாக்கெட், முழங்கால் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ், கிளவுஸ், முகம் முழுக்க மறைக்கும் ஹெல்மெட் என்று முழுமையாகத் தயாராகி வந்திருப்பார்கள். அதே ஆட்கள் திங்கட்கிழமை மாலை அதே வண்டியில் காய்கறி வாங்கப் போகும்போது காலில் செருப்பும் உடம்பில் டி-ஷர்ட்டும்தான். ஹெல்மெட் தலையில் இருந்தாலும் பட்டை மாட்டியிருக்காது. தெருமுனைக் கடை என்றால் அந்த ஹெல்மெட்டும் வீட்டோடு நின்றுவிடும். கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "பக்கத்துலதானே போறோம்."

இதைப் பொறுப்பின்மை என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது. தூரம் கூடினால் கவசம் கூடும், தூரம் குறைந்தால் கவசம் குறையும் என்ற தெளிவான கணக்கு இதற்குள் இருக்கிறது. வெயில், செலவு, நேரம், தோற்றம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துத் தமிழ்நாட்டு வண்டியோட்டிகள் தாங்களாகவே கண்டுகொண்ட சமரசம் இது. சமரசம் வேண்டியதுதான் என்பது என் கருத்து. ஆனால் அதை அளக்கத் தூரத்தை எடுத்துக்கொண்டதுதான் தவறு.

வெயில் சொல்லும் நியாயம்

முதலில் இந்தச் சமரசத்தின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். தோல் ஜாக்கெட்டும் தடித்த பேன்ட்டும் குளிர்நாட்டுச் சாலைகளில் வளர்ந்த உடை. அங்கே குளிருக்காகவே மனிதர்கள் அவற்றைப் போட்டுக்கொள்வார்கள். பாதுகாப்பு கூடவே வந்துவிடும். சித்திரை மாத நண்பகலில் அம்பத்தூர் சிக்னலில் நிற்பவருக்கு அப்படி எந்தத் தூண்டுதலும் இல்லை.

நம் வெயிலும் எல்லா ஊரிலும் ஒன்றுபோல இல்லை. வேலூரிலும் திருச்சியிலும் அடிப்பது வறண்ட சூடு. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிய நாளில், வெறுங்கையில் படும் காற்று உடம்பைச் சூடேற்றவே செய்யும். அங்கே உள்ளே நனைத்த பருத்திப் பனியனும் மேலே காற்று புகும் மெஷ் ஜாக்கெட்டும் போட்டவர், டி-ஷர்ட்டில் போகிறவரைவிடக் குளிர்ச்சியாகவே போய்ச் சேருவார். சென்னையிலும் தூத்துக்குடியிலும் நிலைமை வேறு. புழுக்கத்தில் வியர்வை எளிதில் காய்வதில்லை. மெஷ் ஜாக்கெட் வண்டி ஓடும்வரைதான் கைகொடுக்கும். சிக்னலில் நின்றதும் அந்தக் காற்றும் நின்றுவிடும்.

வீடுவீடாக ஏறி இறங்கும் டெலிவரித் தொழிலாளிக்கு இது இன்னும் கடினம். ஒவ்வொரு வாசலிலும் ஹெல்மெட்டைக் கழற்றி, கிளவுஸை உருவி, போனில் ஓடிபி தட்டி, பார்சலைக் கொடுத்துவிட்டு மறுபடி எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். அவருடைய வருமானம் நிமிடங்களில் இருக்கிறது. அவரிடம் போய் முழுக் கவசம் போடு என்று அறிவுரை சொல்வது, அவர் வேலையைப் புரிந்துகொள்ளாத பேச்சு.

உடல் வசதியைச் சொகுசு என்று நினைப்பதும் சரியல்ல. வெயிலில் நீர் வற்றிப்போன உடம்பு சோர்ந்துவிடும். சோர்ந்தவரின் கை பிரேக்கைத் தேடிப் போகத் தாமதமாகும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2018-ல் தொடங்கிய மோட்டோகேப் திட்டம் இதை ஒப்புக்கொண்டு இயங்குகிறது. கடையில் விற்கும் ரைடிங் உடைகளை வாங்கிச் சோதித்து, பாதுகாப்புக்குத் தனியாகவும் காற்றோட்டத்துக்குத் தனியாகவும் நட்சத்திர மதிப்பு கொடுக்கிறார்கள். நமக்கும் அப்படியொரு சோதனை வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் எந்த ஜாக்கெட்டை அரை மணி நேரம் தாங்க முடியும் என்பதை வாங்குபவர் இன்று விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

தூரம் எங்கே தவறுகிறது

இவ்வளவு நியாயம் இருந்தும் இந்தக் கணக்கு ஏன் பொய்க்கிறது? விபத்துக்கு ஊர்த் தூரம் தெரியாது. உலகப் புகழ்பெற்ற பைக் விபத்து ஒன்றே இதற்குச் சான்று. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பக்கத்து ராணுவ முகாமுக்குப் போய்த் தந்தி கொடுத்துவிட்டுத் தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சைக்கிளில் போன இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் விலகப் பார்த்து, வீட்டுக்கு அருகிலேயே தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் கழித்து இறந்தார். பாலைவனம் கடந்தவரின் உயிர் தபால் அலுவலகம் போய்வந்த வழியில் போனது. அவருக்குச் சிகிச்சை அளிக்க வந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், பிறகு பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

பக்கத்தில் போகும்போது மெதுவாகத்தானே போகிறோம் என்று கேட்கலாம். வண்டி நின்றபடியே சரிந்தாலும் தலை சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வருகிறது. அந்த உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஐரோப்பாவின் இசிஇ 22.05 தரம் ஹெல்மெட்டை நொடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. நூறில் போகும் வண்டிக்கு இருபத்தேழில் சோதனையா என்று பலர் வியப்பார்கள். கீழே விழுபவரின் தலையைத் தரையில் அறைவது பெரும்பாலும் விழுந்த உயரம்தான். வண்டியின் வேகம் அவரைச் சாலையில் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த உயரம் தெருமுனையிலும் நெடுஞ்சாலையிலும் ஒன்றுதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் இல்லாமல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். எல்லோரையும் ஹெல்மெட் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டின் காக்ரன் ஆய்வு, ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது. அதை இந்த எண்ணிக்கையோடு தோராயமாகப் பொருத்தினாலும் ஓராண்டில் சுமார் 20,000 உயிர்கள். கழுத்து வலிக்கும், ஹாரன் கேட்காது, பக்கவாட்டில் தெரியாது என்று சொல்லப்படும் காரணங்களுக்கும் எப்போதோ விடை வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-ல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை, ஹெல்மெட்டால் பார்வையோ கேட்கும் திறனோ குறைந்து விபத்து நேர்ந்ததாகக் காணவில்லை.

எது முதலில் தரையைத் தொடுகிறது

அப்படியானால் எதை வைத்து அளப்பது? விழும்போது உடம்பின் எந்தப் பகுதி முதலில் அடிபடுகிறது, அதை மூட எவ்வளவு வெப்பத்தைத் தாங்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளை வைத்து அளக்கலாம் என்கிறேன்.

தலையில் தொடங்குவோம். ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டீட்மார் ஓட்டே, விபத்துக்குள்ளான ஹெல்மெட்டுகளில் எங்கெங்கே அடிபட்டிருக்கிறது என்று வரைபடமாக்கினார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடி தாடைப் பகுதியில். காற்று வாங்கலாம் என்று நாம் விரும்பி வாங்கும் அரை ஹெல்மெட், அந்த மூன்றில் ஒரு பங்கைத் திறந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை நசுங்கி அடியை வாங்குவதுதான் ஹெல்மெட்டின் வேலை. அரை ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் அந்த நுரையும் இல்லை, ஓடும் இல்லை.

அடுத்தது பட்டை. மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று ஓடிவிடும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129-வது பிரிவில், பட்டையால் தலையோடு இறுகக் கட்டியிருந்தால்தான் அது ஹெல்மெட் என்று தெளிவாகவே சொல்கிறது. சாலையில் நடக்கும் சோதனையோ தலைமேல் ஏதாவது இருக்கிறதா என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமானது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கியது. அபராதத்துக்குப் பயந்து வாங்கிய ஹெல்மெட்டை மக்கள் அபராதத்துக்குத் தேவையான அளவுக்குத்தான் போடுகிறார்கள். பட்டையையும் சேர்த்துப் பார்க்கப் போலீஸ்காரர் தொடங்கினால், புதுச் சட்டம் எதுவும் இல்லாமலே பாதிப் பிழை திருந்தும்.

தலைக்கு அடுத்து ஜாக்கெட் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் லிஸ் டி ரோம் தலைமையில் 212 பேரின் விபத்துகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வு வேறு திசையைக் காட்டுகிறது. ரைடிங் ஜாக்கெட் போட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு 21 சதவீதம் குறைவு. ரைடிங் கிளவுஸ் போட்டவர்களுக்கு 59 சதவீதம் குறைவு. பைக்குக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ்கூடக் கால் காயத்தைப் பெருமளவு குறைத்திருந்தது. கிளவுஸ் போடுகிறவர் இயல்பிலேயே நிதானமானவராகவும் இருக்கலாம் என்பதால், இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் காரணம் விளங்காமல் இல்லை. விழும்போது யாரும் யோசிக்காமல் கையைத்தான் முதலில் ஊன்றுவார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தவர் வாரக்கணக்கில் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாது, சட்டைப் பட்டன் போட முடியாது. கையையும் பாதத்தையும் மூடுவதால் கூடும் புழுக்கமோ, மார்பையும் முதுகையும் மூடுவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சென்னைச் சூட்டிலும் தினசரி ஏற்கக்கூடிய கவசம் இவைதான்.

கவசத்தின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதே ஆய்வில் ஜாக்கெட்டுகளில் ஏறக்குறைய 30 சதவீதம் விபத்தின்போது கிழிந்தோ பிரிந்தோ தோற்றுப்போயின. ரைடிங் உடை முக்கியமாகச் சிராய்ப்பையும் வெட்டுக்காயத்தையும் தடுக்கும். எலும்பு முறிவைத் தடுப்பதில் அதன் பங்கு சிறியது. லாரிச் சக்கரத்துக்கு முன்னால் எந்த ஜாக்கெட்டும் உதவாது. முழுக் கவசம் போட்ட துணிச்சலில் வேகத்தைக் கூட்டுபவர், கவசம் கொடுத்ததைத் தானே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

தோற்றம் என்னும் இரு முனை

ஒரு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டில் ரைடிங் சூட் என்றால் சோழவரம் பந்தயத்தில் பார்த்ததுதான். இன்று கல்லூரி மாணவர் முதல் சம்பளத்தில் ஜாக்கெட் வாங்குகிறார் என்றால், அதில் தோற்றத்தின் பங்கு பெரியது. நடிகர் அஜித்குமார் முழுக் கவசத்தோடு இமயமலையிலும் வெளிநாட்டுச் சாலைகளிலும் பைக் ஓட்டும் படங்கள் பரவியபோது, எந்த விழிப்புணர்வுப் பேரணியாலும் சாதிக்க முடியாத ஒன்று நடந்தது. ஹெல்மெட் போட்டவரும் கம்பீரமாக இருக்கலாம் என்று இளைஞர்கள் கண்டார்கள். அதனால் தோற்றத்தைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் தோற்றம் தவறான இடத்தையும் காட்டிவிடும். கடையில் கிளவுஸை எடுத்ததும் நாம் விரல் முட்டிகள் மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் ஓட்டைப் பார்க்கிறோம். திருப்பி உள்ளங்கைப் பக்கம் பார்த்தால் பல கிளவுஸில் அங்கே மெல்லிய ஒற்றைத் துணிதான். மணிக்கட்டில் இறுக்கிக் கட்டப் பட்டைகூட இருக்காது. விழுபவர் ஊன்றுவது உள்ளங்கையை. பழைய பாணி என்று விற்கும் திறந்த முக ஹெல்மெட்டும், இரவிலும் கழற்றாத கறுப்பு வைசரும், தார்ச்சாலையில் ஒரு நொடிகூடத் தாங்காத சாதாரண ஜீன்ஸும் இதே வகை.

பின்சீட்டின் கேள்வி

இந்தச் சமரசத்தில் என்னை மிகவும் வருத்துவது பின்சீட்டில் நடப்பது. 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஓட்டுபவர் அபராதத்துக்காகவாவது தலையை மூடிக்கொள்கிறார். பின்னால் மனைவி புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் கம்பியையும் பிடித்திருக்கிறார். கொண்டையும் பூவும் வைத்த தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட்டைக் கடைக்காரர் பெரும்பாலும் காட்டுவதில்லை. கணவரின் அளவில் ஒன்றைக் கொடுத்தால் அது ஆடிக்கொண்டே இருக்கும். இதைப் பெண்களின் அலட்சியம் என்று சொல்வது அநீதி. பெண்களின் தலையளவுக்கும் கூந்தலுக்கும் ஏற்ப ஹெல்மெட் செய்வது நிறுவனங்களின் கடமை.

தூரக் கணக்கைக் கைவிட்டால் பணத்தைச் செலவிடும் வரிசையும் மாறும். முதலில் பட்டை மாட்டிய, முகம் முழுக்க மூடும் ஐஎஸ்ஐ ஹெல்மெட். அடுத்து வீட்டில் பின்னால் உட்காரும் ஒவ்வொருவருக்கும் அவரவர் தலையளவில் ஒன்று. பிறகு உள்ளங்கை தடித்த கிளவுஸ், கணுக்காலை மூடும் ஷூ. இவ்வளவையும் தெருமுனைக் கடைக்கும் போட்டுப் போகலாம், வெயில் தடுக்காது. ஜாக்கெட்டும் முழங்கால் கவசமும் கைக்கு வசதி வரும்போது வரட்டும், நீண்ட பயணத்தோடே நிற்கட்டும். அந்த அளவுக்குச் சமரசம் நியாயமானது. பல ஆயிரம் ரூபாய் ஜாக்கெட்டைத் தனக்கு வாங்கிக்கொண்டு மனைவியையும் குழந்தையையும் வெறுந்தலையோடு அழைத்துப் போகும் சமரசத்துக்கு எந்த நியாயமும் இல்லை.