உரிமையோடு இரு

மொழிபெயர்ப்புத் தாளுக்குச் சிறுகதைகளைக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். சில ஆண்டுகளாக அரசாணை, சட்டப்பிரிவு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் ஆகியவற்றைத்தான் கொடுக்கிறேன். தமிழ் முதுகலை படிக்கும் பெண்கள் இவற்றின் முன்னால் திணறும்போதுதான், நமக்கென்று எழுதப்பட்டவை நமக்கு எட்டாமல் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பது புரிகிறது.

சென்ற பருவத்தில் கொடுத்தது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆவது பிரிவு. பெற்றோரோடு வாழ முடியாத குழந்தையைக் குழந்தைகள் நலக்குழுவின் ஆணைப்படி வேறொரு குடும்பம் வளர்ப்பது பற்றிய பிரிவு அது. 'வளர்ப்புப் பராமரிப்பு' என்கிறார்கள். இது தத்து அல்ல. தத்தில் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும். இதில் வீடு மாறினாலும், பிள்ளை எங்கே இருப்பது என்பது குழுவின் கையில்தான் இருக்கிறது.

ஒரு மாணவி மூன்றாவது உட்பிரிவில் பேனாவை வைத்துவிட்டாள். உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும், பிரிந்திருப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்றால் மட்டுமே விலக்கு என்று சொல்கிற வரி.

"அப்பவே இந்த வரி இருந்துச்சாம்மா?"

இருந்தது. அவளைப் பதினோரு வயதில் ஒரு குடும்பத்தில் விட்டார்கள். தம்பியை ஓர் இல்லத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆனையூரில் என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அவள் சொன்னதை, அவள் சம்மதத்தோடும், அடையாளங்களை மாற்றியும்தான் எழுதுகிறேன். அந்த வீட்டில் யாரும் அவளை அடிக்கவில்லை. பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். மாதாமாதம் விசாரிக்க ஆள் வரும். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பார்கள். அத்தை பக்கத்திலேயே காபி டம்ளரோடு நிற்பார். இவள் தலையாட்டுவாள். தம்பியோடு இருக்க வேண்டும் என்று கேட்கலாம் என்பதே தெரியாது. "தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேம்மா. சோறு போடுறவங்ககிட்ட அதையெல்லாம் எப்படிக் கேக்குறது?"

அந்த 'எப்படிக் கேக்குறது'வை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிரிவை மறுபடி வாசித்தேன். வாக்கியங்களின் எழுவாய்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். குழு ஆணையிடும். மாநில அரசு மாதந்தோறும் பணம் தரும். குடும்பம் கல்வி, உடல்நலம், உணவுக்குப் பொறுப்பேற்கும். பெற்றோர் வந்து பார்க்கலாம், குழு தடுக்காதவரை. குழு மாதந்தோறும் ஆய்வு செய்யும். குறை கண்டால் பிள்ளையை அங்கிருந்து மாற்றும். பிள்ளை எங்கும் செயப்படுபொருள்தான். வைக்கப்படுகிறது, பார்க்கப்படுகிறது, மாற்றப்படுகிறது. இவையெல்லாம் உனக்காக இருக்கின்றன என்று அந்தப் பிள்ளையிடம் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று இந்தப் பிரிவில் ஒரு வரி இல்லை. தன்னைப் பாதிக்கும் எல்லா நடவடிக்கையிலும் முடிவிலும் பங்கேற்கவும், தன் சொல் கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 3ஆவது பிரிவு சொல்வதை மறுக்கவில்லை. கொள்கை அங்கே மேலே இருக்கிறது. பிள்ளை இங்கே, காபி டம்ளருக்குப் பக்கத்தில் நிற்கிறது.

'நிற்கிறது' என்று நானும்தான் எழுதிவிட்டேன். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு: உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள். மகவு, குழவி, பெண்மை, அடிமை எல்லாம் அதில் வரும். அரசும் ஆண்மையும்கூட அதே பட்டியலில் உண்டு என்று என் ஆசிரியர் ஒருவர் வாதாடுவார். உண்மைதான், ஆனால் அஃறிணை முடிபால் அரசுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லையே.

சட்டம் சில சமயம் தன் இலக்கணத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. நலக்குழுவின் செயல்பாட்டில் குறை இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம் என்கிற 27ஆவது பிரிவைப் பாருங்கள். 2015இல் முறையிடக்கூடியவர் 'குழந்தையோடு தொடர்புடைய எவரும்'. 2021 திருத்தத்தில்தான் 'பாதிக்கப்பட்ட குழந்தை' என்ற சொல் உள்ளே வருகிறது. இந்தச் சட்டத்தை வாசித்ததில் எனக்குச் சந்தோஷம் தந்த இடம் இது ஒன்றுதான். திங்கட்கிழமைதோறும் மதுரை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நிற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி தன் கையால் எழுதிய மனுவோடு அங்கே நிற்கலாம். ஆனால் யார் அவளிடம் சொன்னார்கள்? பள்ளிச் சுவரில் 1098 என்ற எண் எழுதியிருக்கும். வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் அத்தையின் கையில் இருக்கும்.

இனி 'உரிமை' என்ற சொல்லுக்கு வருகிறேன். பழைய உரைகளில் 'உரிமை மகளிர்' என்றால் உரிமை பெற்ற பெண்கள் அல்ல, அரசனுக்கு உரிய பெண்கள். நம் வீடுகளில் 'உரிமைப்பெண்' என்றால் முறைப்பெண். 'உரிமையோடு கேள்' என்றால் நெருக்கத்தோடு கேள் என்று பொருள். என் மாணவியை அழைத்துப் போன முதல் நாள் அத்தை சொன்னாராம்: "இது உன் வீடு மாதிரி, உரிமையோட இரு." அன்பாகத்தான் சொல்லியிருப்பார். அந்த உரிமையின் நடைமுறை என்ன? உரிமையோடு பாத்திரம் கழுவலாம், உரிமையோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம், 'கூடமாட ஒத்தாசையா' இருக்கலாம். ஆண்பிள்ளையின் நன்றிக்கடன் அவன் சம்பாதிக்கும் காலம்வரை காத்திருக்கும். பெண்பிள்ளை அதை அன்றன்றைக்கே அடுப்படியில் அடைக்க வேண்டும். இப்படி ஒரு வீட்டுக்குள் போய் 'உனக்கு உரிமை உண்டு' என்று சட்டத் தமிழில் சொன்னால், அவள் காதில் 'நன்றாக ஒட்டிக்கொள்' என்றுதான் விழும்.

எடுத்து வளர்த்த பிள்ளை கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று மணிமேகலை சொல்லியிருக்கிறது. தாய் சாலி விட்டுப்போன பிள்ளையைப் பசு பாலூட்டிக் காத்தது, வயனங்கோட்டு இளம்பூதி எடுத்து வளர்த்தான். வேள்விக்குக் கட்டிய பசுவை ஆபுத்திரன் அவிழ்த்துவிட்ட பிறகு, வழியில் சாலியைப் பார்த்த ஒருவன் அவன் பிறப்பை ஊர் நடுவில் வைத்துச் சொல்கிறான். அவனுடைய கதை, அவனுக்கு முன்னால், வசையாகச் சொல்லப்படுகிறது. வளர்த்தவன் கைவிடுகிறான். அவன் நம் மதுரைக்குத்தான் வருகிறான், சிந்தாதேவி கோயிலில் தங்கி, பிச்சை எடுத்து, பிறருக்கு ஊட்டுகிறான். இந்தக் காதையை நாம் அறத்துக்காகவே பாடம் நடத்துகிறோம். பிள்ளையின் பிறப்புக் கதை யாருக்குச் சொந்தம், அதை முதலில் யார் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நானும் இருபது வருடம் வகுப்பில் கேட்டதில்லை.

மாமல்லபுரத்து இல்லங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானது பற்றி 2007இல் வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரை உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. 2017 மே 5இல் தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களையும் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதுங்கள், இல்லத்துக்கு மாற்றாகக் குடும்பச் சூழலை யோசியுங்கள் என்றது. தேவையான தீர்ப்பு. ஆனால் இல்லத்திலிருந்து வீட்டுக்கு வரும் பிள்ளை சுவர்களோடு சாட்சிகளையும் இழக்கிறாள் என்பதை நாம் பேசுவதில்லை. விடுதியில் பக்கத்துப் பாயில் இன்னொருத்தி படுத்திருப்பாள். வீட்டில் அவள் ஒருத்திதான். அமெரிக்காவில் 2014 சட்டத்தின்படி, பராமரிப்பில் இருக்கும் 14 வயது நிரம்பியவர்களிடம் அவர்கள் உரிமைகளை எழுதிக் கொடுத்து, விளக்கினார்கள் என்று கையெழுத்தும் வாங்க வேண்டும். கையெழுத்து வெறும் சடங்காகும் என்பது நமக்குத் தெரியாததா? இருந்தாலும் யாராவது ஒருவர் வாயைத் திறந்தாக வேண்டும். 1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 42ஆவது உறுப்பும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதைத் தெரியப்படுத்துவது அரசின் கடமை என்றே சொல்கிறது.

இப்போது நானும் ஏழு மாணவிகளும் ஒரே பக்கத்தில் ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறோம், பத்து வயதுப் பிள்ளை தானே வாசிக்கிற மாதிரி. 'உரிமை' என்ற சொல்லே இல்லாமல். "உன் தம்பி தங்கச்சியோடு இருக்கணும்னு நீ கேட்கலாம்." "விசாரிக்க வர்றவங்ககிட்ட, தனியாப் பேசணும்னு சொல்லலாம்." "அம்மாவைப் பார்க்கணும்னா கேட்கலாம். ஏன் முடியாதுன்னும் கேட்கலாம்." எட்டு வரிகள் வந்துவிட்டன. ஒன்பதாவதை அவள்தான் சொன்னாள்: "கேட்டதுக்காக உன்னை யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

சட்டத்தில் தேடிப் பார்த்தோம். அப்படி ஒரு வாக்குறுதியைத் தாங்கும் வரி எங்களுக்கு அகப்படவில்லை. இல்லாததை எழுதக் கூடாது என்றேன். இது இல்லாமல் மற்ற எட்டையும் யாரும் வாசிக்க மாட்டார்கள் என்றாள். ஒன்பதாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.