காதல் புதினங்களும் நம் இல்லத்துப் பெண்மக்களும்

காதற் புதினங்களைப் பெண்கள் படிக்கலாமா, கூடாதா என்னும் வழக்கு நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. கூடாது என்று வழக்காடுவோரில் பெரும்பாலார் அப்புதினங்களைப் படித்துப் பார்த்தவர் அல்லர். படிப்பவர்களோ வழக்காட முன்வருவதில்லை. சமையற்கட்டின் அரிசிப் பானைக்குப் பின்னாலும், தலையணை உறைக்குள்ளும், இந்நாளில் கைப்பேசித் திரையிலும் அவை ஓசையின்றிப் படிக்கப்பட்டே வருகின்றன. ஆகவே, விலக்குவதா ஏற்பதா என்று தீர்ப்புரைப்பதற்கு முன்னால், அவற்றுள் என்னதான் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது முறையாகும். அண்மையில் நாம் படித்த சில புதினங்களைப் பற்றிய நம் கருத்துகளை, தர்மபுரி மாவட்டத்து வாசகர் என்னும் நிலையில் நின்று, இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் ரமணிசந்திரன் அவர்களை எடுத்துக்கொள்வோம். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புதினங்களை எழுதியவர். தமிழ் இல்லங்களில் இவர் பெயர் அறியாத பெண் வாசகர் அரியர். தர்மபுரியிலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் நூலகத்திலிருந்து எடுத்துவரப்படும் இவர் நூல் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. உரிய நாளில் நூலகம் திரும்புவதற்குள் நான்கு வீடுகளைச் சுற்றிவிடும். இவருடைய நடையில் ஆபாசம் இல்லை. குடும்பத்தில் எவரும் எடுத்துப் படிக்கத்தக்க தூய்மை உண்டு. நாளெல்லாம் உழைத்துக் களைத்த ஒரு பெண்ணுக்கு இரண்டு மணி நேர இளைப்பாறுதலை இந்நூல்கள் தருகின்றன என்றால், அதனை இகழ்வது நன்றன்று. ஆடவர் தேநீர்க் கடையில் நாளிதழுடன் கழிக்கும் பொழுதை நாம் குறையென்று சொல்வதில்லையே!

எனினும், இவ்வகைப் புதினங்களை ஒருசேர வைத்துப் படிக்கும்போது சில கேள்விகள் எழாமற் போகா. கதைத் தலைவன் பெரும்பாலும் செல்வன், தலைவி எளியவள். இருவருக்கும் இடையே ஒரு தவறான எண்ணம் தோன்றுகிறது. தலைவன் சினக்கிறான், ஐயுறுகிறான், சுடுசொல் வீசுகிறான். தலைவி வாய்திறந்து ஒரு வார்த்தை சொன்னால் ஐயம் நீங்கிவிடும். ஆனால் அவள் சொல்வதில்லை, பொறுக்கிறாள். இறுதியில் உண்மை வெளிப்பட, அவன் சினமெல்லாம் அளவற்ற காதலின் அடையாளமே என்று விளக்கம் தரப்படுகிறது. கதை இன்பமாக முடிகிறது. நாம் வினவுவது இதுதான்: சுடுசொல்லைக் காதலின் அடையாளமென்று நூறு முறை படித்த பெண், தன் வாழ்வில் அச்சொல்லைக் கேட்கும்போது அதனை எவ்வாறு எடைபோடுவாள்? பொறுத்திருந்தால் கடைசி அத்தியாயத்தில் எல்லாம் நேராகும் என்று காத்திருப்பாளோ? வாழ்வில் கடைசி அத்தியாயம் எப்போது வரும் என்று எவரும் சொல்ல முடியாது.

இவ்விடத்தில் நம் மார்க்க வரலாற்றின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பரீரா (ரலி) என்னும் பெண்மணி அடிமைத்தளை நீங்கியபோது, தம் கணவர் முகீஸுடன் வாழ்வதா பிரிவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிவையே தேர்ந்தார். முகீஸோ மதீனத்துத் தெருக்களில் கண்ணீர் தாடியை நனைக்க அவர் பின்னாலேயே நடந்தார். அக்காதலைக் கண்டு இரங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று வினவினார் பரீரா. இல்லை, பரிந்துரையே என்று விடை வந்தது. அப்படியாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று பரீரா உறுதியாகச் சொல்லிவிட்டார். அச்சொல் ஏற்கப்பட்டது. காதலிப்பவனுடைய கண்ணீர் மெய்யே. ஆனால் அக்கண்ணீர் காதலிக்கப்படுபவளின் விருப்பத்தை விலைக்கு வாங்கிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக உரைக்கும் கதையை நாம் எந்தப் புதினத்திலும் கண்டதில்லை. பிடிவாதத்தால் பெண்ணை வென்றெடுக்கும் தலைவர்களைப் படைப்போர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இக்கேள்வி நம்மவர் எழுத்துக்குப் புதியதன்று. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938-இல் வெளியிட்ட புதினத்தின் பெயரே 'காதலா? கடமையா?' என்பதாகும். 1917-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்தொன்று. பள்ளிக் கல்வி மிகுதியாகக் கிட்டாத முஸ்லிம் பெண்ணொருத்தியின் நூலுக்கு மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் முன்னுரை வழங்கினார்கள் என்பது தமிழ் இலக்கிய வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி. பெண் எழுதுவதே குற்றமெனக் கருதப்பட்ட காலத்தில், தலைப்பிலேயே ஒரு வினாவை நிறுத்தினார் அவர். இன்று பதிப்பிக்கப்படும் எத்தனையோ காதற் கதைகளில் வினாவே இல்லை. விடை முதற் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. நம் இல்லங்களில் ரமணிசந்திரனை அறிந்த பெண்மக்கள் சித்தி ஜுனைதாவின் பெயரை அறியாதிருப்பது யார் குறை? படிப்பவர் குறையன்று, எடுத்துக் கொடுக்கத் தவறிய நம் சமுதாயத்தின் குறையே ஆகும்.

அடுத்து, வைக்கம் முஹம்மது பஷீர் அவர்களின் 'பால்யகால சகி'. மலையாளத்தில் 1944-இல் வெளிவந்த இச்சிறு புதினத்தைக் குளச்சல் மு. யூசுப் தமிழாக்கியிருக்கிறார். மஜீது செல்வர் வீட்டுப் பிள்ளை. சுஹறா ஏழைப் பாக்கு வியாபாரியின் மகள். கணக்கில் சுஹறா கெட்டிக்காரி. மஜீதோ ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் கொஞ்சம் பெரிய ஒன்று என்று சொல்லி ஆசிரியரிடம் அகப்படுபவன். சுஹறாவின் தந்தை இறந்ததும் அவள் படிப்பு நிற்கிறது. அவளைப் படிக்க வைக்க வேண்டுமென்று மஜீது தன் தந்தையிடம் கெஞ்சியும் பயனில்லை. பின்னர் மஜீது வீட்டைவிட்டு வெளியேறி நாடு சுற்றுகிறான். திரும்பி வரும்போது தந்தையின் செல்வம் அழிந்திருக்கிறது; சுஹறா வேறொருவனுக்கு மணமுடிக்கப்பட்டு, அடியும் பட்டினியுமாய் வாடியிருக்கிறாள்.

அவர்கள் மீண்டும் சேர்வதற்கு அப்போது எது தடை? சாதியா, மதமா, பெற்றோரின் பகையா? ஒன்றுமில்லை. மஜீதின் தங்கையர் இருவருக்குக் கைக்கூலி கொடுத்து மணமுடிக்க வேண்டும்; அதற்குப் பணம் வேண்டும். பணந்தேடித் தொலைவூர் சென்றவன் விபத்தில் ஒரு காலை இழக்கிறான். உணவு விடுதியில் பாத்திரம் கழுவுகிறான். ஊரிலிருந்து வரும் கடிதம் சுஹறாவின் மரணத்தைச் சொல்கிறது. பிரியும்போது அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பேருந்தின் ஒலியில் அது கேட்காமற் போயிற்று. அது என்னவென்ற நினைவோடு கதை முடிகிறது. காதலைக் கொன்ற கொலையாளியைப் பஷீர் பெயர் சொல்லிக் காட்டுகிறார்: கைக்கூலி. செல்வர் வீட்டுத் தலைவனைப் படைக்கும் நம் காதற் கதைகள் இந்தக் கணக்கை எழுதுவதே இல்லை. தலைவன் கோடீசுவரன் ஆகிவிட்டால் சீர் கேட்பார் யார்? அந்த ஓர் ஏற்பாட்டினால், வாசகப் பெண்ணின் வீட்டில் ஒவ்வோர் இரவும் பேசப்படும் பேச்சு கதையினுள் நுழையாமலே போய்விடுகிறது.

தர்மபுரி மாவட்டத்தார்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. பெண்ணைப் பெறுவதே பெருஞ்செலவு என்று அஞ்சிப் பெண் சிசுக்களை அழித்த கொடுமைக்காக, 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் நம் மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் பேசும் வழக்கம் இன்னும் வேரற்றுப் போகவில்லை. மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹரைப் பதிவேட்டில் ஒரு சிறு தொகையாக எழுதிவிட்டு, பெண் வீட்டாரிடம் வாங்கும் பெருந்தொகையை எந்த ஏட்டிலும் எழுதாமல் விடும் வழக்கத்தை நாம் அறியாதவர்களா? பஷீர் 1944-இல் எழுதியது நம் தெருவைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

இறுதியாக, பெருமாள்முருகன் 2013-இல் வெளியிட்ட 'பூக்குழி'. இதனைக் காதற் புதினம் என்றே நாம் கொள்கிறோம். சோடாக் கடையில் வேலைபார்க்கும் குமரேசன், தோலூரிலிருந்து சரோஜாவை மணந்து தன் ஊருக்கு அழைத்து வருகிறான். அவள் என்ன சாதி என்று ஊர் கேட்கிறது. தாய் மாராயி ஒப்பாரி வைத்து வசை பாடுகிறாள். கருவுற்ற அப்பெண் புதருக்குள் ஒளிந்திருக்க, ஊரார் சூழ்ந்து தீ வைக்கிறார்கள். கணவனின் மிதிவண்டி ஓசை அவள் காதில் விழுவதோடு கதை முடிகிறது. நூல் முழுவதிலும் இருவருடைய சாதியின் பெயரும் சொல்லப்படவில்லை. அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்பது பழந்தமிழ் மரபு. காதல் எல்லார்க்கும் பொதுவாக நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. இங்கோ சாதிப் பெயரைச் சுட்டாததால் பழி எல்லார்க்கும் பொதுவாகிறது. இது என் சாதியன்று என்று எந்த வாசகனும் தப்பிச் செல்ல இயலாது.

இந்நூல் யாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்பதை அறிந்தால் நம் நெஞ்சு நடுங்கும். 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் திருமணத்தைக் காரணமாக்கி, தர்மபுரியை அடுத்த நத்தம் காலனியிலும் அதனையடுத்த இரு குடியிருப்புகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, தீக்கிரையாயின. அத்திருமணத்தின் மணமகனான இளைஞர் 2013 ஜூலை 4 அன்று இரயில் பாதையருகே இறந்து கிடந்தார். அவருக்கே இந்நூல் காணிக்கை. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. உலகம் படித்த இந்நூலைத் தர்மபுரி எவ்வளவு படித்தது என்பதே நம் கவலை.

இது பிற சமுதாயத்தாரின் சிக்கல், நமக்கென்ன என்று சிலர் கூறக்கூடும். அவர்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறோம். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கும் ராவுத்தரும், லெப்பையும், மரைக்காயரும், உருது பேசுவோரும் சம்பந்தம் பேசும்போது ஏன் விலகி நிற்கிறார்கள்? நாம் வீடுகளைக் கொளுத்தவில்லை, அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். ஆயினும் எத்தனை பெண்களின் விருப்பத்தைக் கேளாமலே நாம் நிக்காஹ்வுக்கு நாள் குறித்திருக்கிறோம்? கன்ஸா (ரலி) என்னும் பெண்மணியைத் தந்தையார் அவர் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்தபோது, அம்மணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செல்லாதென்று ஆக்கினார்கள். கதீஜா நாயகி (ரலி) அவர்களோ தம் விருப்பத்தைத் தாமே தோழியின் வாயிலாகச் சொல்லியனுப்பினார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் கதீஜா நாயகியின் கனவுக்கும் திருமணத்துக்கும் தனித்தனிப் படலங்கள் அமைத்துப் பாடினார். பெண்ணின் விருப்பத்தைப் பாடுவதில் நம் புலவர்க்கு நாணம் இருந்ததில்லை. அதைக் கேட்பதில்தான் நமக்கு நாணம் வந்துவிட்டது.

ஆகவே நம் கருத்து இதுவாகும். காதற் புதினங்களை வீட்டிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. விரட்டினாலும் அவை போகப்போவதில்லை. ரமணிசந்திரனைப் படிக்கும் மகளின் அருகே பஷீரையும் சித்தி ஜுனைதாவையும் வைப்போம். அகவை வந்த மக்களுக்குப் 'பூக்குழி'யையும் கொடுப்போம். தாயும் மகளும் ஒரே நூலைப் படித்துவிட்டுப் பேசட்டும். கதையில் அவளிடம் சம்மதம் கேட்டார்களா, பணம் யார் கொடுத்தார், திருமணத்துக்குப் பின் அவள் படிப்பு என்னவாயிற்று என்னும் மூன்று கேள்விகளை எழுப்பட்டும். ஆடவர்களும் அப்பேச்சில் கலந்துகொள்வது நலம். மகளின் மனத்தை அறிய இதைவிட எளிய வழி தந்தையர்க்கு வாய்ப்பது அரிது.

நம் எழுத்தாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். பட்டுக்கூடு அங்காடியும் புளி மண்டியும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பேருந்தும் உள்ள இந்த மண்ணில், மஹரைத் தானே பேசி வாங்கும் ஒரு பெண்ணையும், கைக்கூலி வேண்டாம் என்று தாயிடம் துணிந்து சொல்லும் ஓர் இளைஞனையும் வைத்து ஒரு காதற் புதினம் எழுதுங்கள். அது இன்பமாக முடியட்டும். ஆனால் அந்த இன்பம் அவர்கள் இருவரும் பேசிப் பெற்றதாக இருக்கட்டும். அத்தகைய நூல் வெளிவருமாயின், முதற்படியை விலை கொடுத்து வாங்கி, பாலக்கோட்டிலிருந்து பென்னாகரம் வரை வீடு வீடாகக் கொண்டு சேர்க்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.