இடித்துரையும் இரு வேந்தரும்

வேந்தர் இருவர் தம்முள் மாறுபட்டுப் பொருதவழி, அறம் அவருள் யார் பக்கத்தது என ஆராய்தல் தமிழ்ப் புலவர்க்குப் புதிய தொழிலன்று. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து, உறையூர் முற்றுகைப்பட்டிருந்த காலை, இடையே சென்று நின்ற கோவூர்கிழார் ஒருவனைப் புகழ்ந்து மற்றவனை இகழ்ந்தாரல்லர். இருவரும் ஆத்தி சூடிய ஒரு குடியினரே என்பதை எடுத்துக்காட்டி இருவரையும் ஒருங்கே இடித்துரைத்தார். ஆவூர்க் கோட்டையுள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியை நோக்கி, அறமுடையனாயின் வாயிலைத் திறக்க வேண்டும், மறமுடையனாயின் போர்க்குப் புறப்பட வேண்டும், இரண்டுமின்றிக் கதவடைத்திருத்தல் நாணத்தக்கது என அவர் கூறியதும் புறநானூற்றால் அறியப்படும். வேந்தரை அளக்கும் இவ்வளவுகோல் இக்காலத்துத் தொலைக்காட்சி நாடகங்களில் வரும் வேந்தர்க்கும் பொருந்துமோ என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இராமானந்த சாகர் இயக்கிய 'இராமாயணம்' என்னும் இந்தித் தொடர் 1987-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் தூர்தர்ஷனில் தொடங்கி, ஞாயிறுதோறும் காலையில் ஒளிபரப்பாகி, 1988 சூலை 31-ஆம் நாள் நிறைவுற்றது. 2020-இல் நாடெங்கும் மக்கள் வீடடங்கியிருந்த காலத்தே அது மீண்டும் ஒளிபரப்பப் பெற்றது. இத்தொடரைக் கண்டோர் இராமன், இராவணன் என்னும் இருவருள் யார் நல்ல அரசன் என வழக்காடுவது இயல்பாயிற்று. அவ்வழக்காடலைக் கூர்ந்து நோக்கின் இருதரத்தார் வாதமும் பெரும்பாலும் தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடுதல் புலனாகும். ஒரு சாரார்க்கு இராமன் கடவுள். ஆதலின் அவன் செயலில் வினவுதற்கு ஒன்றுமில்லை. மற்றொரு சாரார்க்கு இராவணன் தென்னாட்டுத் தலைவன். ஆதலின் அவன் செயலிலும் வினவுதற்கு ஒன்றுமில்லை. வினா எழுமுன்னரே விடை வந்துவிட்டதெனின் அதனை ஆராய்ச்சி என்றல் எங்ஙனம்?

இவ்விரு சாராரும் ஒருமுறை இராமநாதபுரக் கடற்கரைப் பகுதியின் தலமரபுகளைக் கருதிப் பார்ப்பாராயின் நன்று. இராமநாதபுரத்திற்குத் தென்மேற்கே உள்ள உத்தரகோசமங்கை, மங்களநாதரும் மங்களநாயகியும் எழுந்தருளிய பழந்தலம். ஆண்டு முழுதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருந்து மார்கழித் திருவாதிரையில் மட்டும் காப்புக் களையப்பெறும் மரகத நடராசர் திருமேனியால் அது பலரும் அறிந்த ஊராயிற்று. மண்டோதரி இங்குத் தவமிருந்து சிவனடியானாகிய இராவணனைக் கணவனாகப் பெற்றாள் என்றும், அவர்தம் திருமணம் இவ்வூரிலேயே நிகழ்ந்தது என்றும் கூறும் கதை இன்றும் இத்தலத்தில் வழங்குகின்றது. மண்டோதரிக்குக் காட்சி தரச் செல்லும் இறைவன் ஆகம நூலை முனிவர்பால் ஒப்படைத்துச் சென்றான் என்னும் செய்தியையும் தலபுராண மரபு கூறும். வண்டோதரிக்கு இறைவன் அருளிய செய்தி திருவாசகத்துக் குயிற்பத்தினும் இடம்பெறுதலின், இம்மரபு நேற்றுத் தோன்றியதன்று என்பது தெளிவு.

இனி, இதே கரையின் கிழக்குக் கோடியில் உள்ள இராமேச்சுரத்தை நோக்குவோம். இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமன் சிவலிங்கம் நிறுவி வழிபட்ட இடம் என்பது அத்தலத்தின் வரலாறு. திருஞானசம்பந்தர் தம் இராமேச்சுரப் பதிகத்திலேயே இதனைக் குறித்துள்ளார். ஓரூரில் தோற்ற வேந்தன் மணமகனாக நினைக்கப்படுகின்றான். மற்றோரூரில் வென்ற வேந்தன் பழிநீக்கம் வேண்டி நிற்கின்றான். இரண்டும் ஒரே சமயத்தார் போற்றும் தலங்களே. வென்றவன் நல்லவன், வீழ்ந்தவன் தீயவன் என்னும் எளிய கணக்கை இப்பகுதி மக்களின் வழிபாட்டு மரபு ஒருபோதும் ஏற்றதில்லை. சைவத் திருமுறைகளில் இராவணன் மலையெடுத்து நெரிபட்டவனாகவும், பாடி அருள் பெற்றவனாகவும் ஒருங்கே பேசப்படுதல் இதற்கு அரண் செய்யும்.

கடந்த நூற்றாண்டிலும் இவ்வழக்கு அவையேறியதுண்டு. 1943-ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணா, இரா. பி. சேதுப்பிள்ளையோடு சென்னையிலும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு சேலத்திலும் கம்பராமாயணம் பற்றிச் சொற்போர் நிகழ்த்தினார். புலவர் குழந்தை 1946-இல் வெளியிட்ட இராவண காவியம் 1948-இல் அரசினரால் தடைசெய்யப்பட்டு, 1971-இல் தடை நீங்கப் பெற்றது. அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' என்னும் நாடகம், இரக்கமின்மையே இராவணன் குற்றம் எனக் கம்பர் கூறியதனை எடுத்துக்கொண்டு, நீதிதேவன் மன்றில் மறுவிசாரணை நடத்துகின்றது. இரக்கமின்மை குற்றமெனின் அக்குற்றம் இராவணன் ஒருவனுக்கே உரியதோ என்பது அந்நாடகத்தின் வினா. அவ்வினாவிற்கு அண்ணா தரும் விடையோடு உடன்படாதாரும் வினாவின் கூர்மையை மறுத்தற்கில்லை. ஒன்று மட்டும் குறிப்பிடத்தக்கது: அச்சொற்போர்களில் இருதரப்பும் ஒரே மேடையில் நின்று ஒன்றன் கூற்றை மற்றொன்று செவிமடுத்தது.

அங்ஙனமாயின் வேந்தனை அளத்தற்குரிய கோல் யாது? பிறன்மனை நயந்தமை இராவணனுக்கும், மறைந்து நின்று எய்தமை இராமனுக்கும் என்று குற்றங்களை நிறைகோலின் இருதட்டிலும் இட்டு நிறுப்பது பட்டிமன்றத்திற்கு ஏற்றதாகலாம். முடிவு காண உதவாது. திருவள்ளுவர் காட்டும் கோல் வேறு. இடித்துரைக்கும் பெரியாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்பர் அவர்; செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்கும் பண்புடையவன் குடையின்கீழ் உலகம் தங்கும் என்றும் கூறுவர். தவறு செய்யாமை மன்னர்க்கு அரிது. தவற்றைச் சுட்டுவார் சொல்லை அவன் என் செய்தான் என்பதே அவனை நமக்குக் காட்டும் என யாம் கருதுகின்றோம்.

இக்கோல் கொண்டு கம்பர் காட்டும் இராவணனை அளப்போம். அவனுக்கு இடிப்பார் இலர் என்று யாரும் கூறமுடியாது. மாரீசன் தொடக்கத்திலேயே தடுத்தான். இணங்காவிடின் கொல்வேன் என்ற விடையே பெற்றான். மந்திர அவையில் கும்பகருணன், நாம் வாயால் பேசுவது மானமும் உள்ளத்தில் வளர்ப்பது காமமுமாக இருக்கின்றோமே என்னும் கருத்துப்பட நகையாடிக் கடிந்தான். வீடணன் இரணியன் கதையை எடுத்துரைத்துத் துரத்தப்பட்டான். மாலியவான் சொல்லும் ஏறவில்லை. இறுதியில் பெற்ற மகனாகிய இந்திரசித்தே சீதைமேல் உள்ள ஆசையை விடுக என்றான். அதற்கு இராவணன் கூறும் விடை அவனை முழுதும் விளக்குவது: இராமன் பெயர் நிற்கும் அளவும் தன் பெயரும் நிற்கும் என்பதே அவ்விடையின் சாரம். குடிமக்களும் உடன்பிறந்தாரும் அழிய, நிற்கவேண்டியது தன் பெயர் என்று எண்ணினான். எனினும் ஒருகால் அவனும் செவிசாய்த்தான் என்பதை மறைத்தல் நடுநிலையாகாது. தூதனாக வந்த அனுமனைக் கொல்லுதல் முறையன்று என வீடணன் தடுத்தபோது அதனை நன்றென ஏற்றுக்கொண்டான். தூதுமுறையில் கேட்ட செவி தன் காமத்தில் கேட்கவில்லை. அவன் கேடு அறியாமையால் வந்ததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி இராமன். அவனை இடித்துரைத்தவருள் தலையாயவன் அவன் அம்பு தைத்துக் கிடந்த வாலி. அரக்கர் செய்த பிழைக்குக் குரங்கினத்து அரசன் ஒருவனைக் கொல்லுதல் எந்த நூலில் உள்ளது என்று வினவினான் அவன். தம்பி மனைவியைக் கவர்ந்தமையை இராமன் காட்ட, அம்முறை விலங்கினத்துக்கு இல்லை என்றான் வாலி. நன்றும் தீதும் உணர்ந்து பேசுவாய், நீ விலங்கு எனத் தப்புதல் கூடாது என இராமன் மறுத்தான். இதுவரை வாதம் வலிதே. ஆயின், ஏன் மறைந்து நின்று எய்தாய் என்னும் கடைசி வினாவிற்குக் கம்பர் இராமனை விடைகூற வைக்கவில்லை. தம்பியாகிய இலக்குவன் கூறுகின்றான்: முன்னரே சுக்கிரீவன் அடைக்கலம் புகுந்தான், நேர்நின்றால் நீயும் புகுவாய் என்று கருதியே மறைந்து எய்தது என்பது அவன் விடை. இவ்விடை யாம் அறிந்த அளவில் எந்த அவையினரையும் முழுதும் நிறைவித்ததில்லை. கம்பர் தம் தலைவனை அவ்விடத்தே பேசாது நிறுத்தியது குறையன்று. வினாவின் கனத்தை உணர்ந்த புலமையே என்போம். சுக்கிரீவன் மதுவுண்டு பிழை செய்யினும் என்மீது எய்த அம்பை அவன்மீது எய்யற்க என வாலி வேண்டினான். சுக்கிரீவன் பின்னர் மதுவில் மூழ்கிச் சொல் மறந்தபோது இராமன் கடுஞ்சினம் கொண்டான்; எனினும் அவன்மேல் அம்பு செல்லவில்லை. இடித்துரைத்தவன் இறந்த பின்னும் அவன் வேண்டுகோள் பயன்பட்டது. எமது கோலால் அளப்பின் இராமன் இராவணனினும் மேம்பட்டு நிற்பது இவ்விடத்தேதான்.

மீட்சிப் படலத்தில் சீதையைக் கடுஞ்சொல் கூறும் இராமனோ அத்துணை எளிதில் தேறமாட்டான். கம்பர் அதனையும் மறைக்கவில்லை. கற்பின் தீயால் தான் வெந்ததாக அங்கியே முறையிடுகின்றான். தயரதன் வானினின்றும் வந்து மருமகளைத் தேற்ற வேண்டியதாகின்றது. தன் அரசன் பிழைபடுமிடத்தில் அவனுக்கு எதிரே பேசுவாரை நிறுத்துதல் கம்பர் மரபு.

தொலைக்காட்சித் தொடர் செய்தது என்ன? அதன் முகப்பில் வான்மீகி, துளசிதாசர் முதலியோரோடு கம்பர் பெயரும் நன்றியுடன் காட்டப்படுகின்றது. ஆயின் தீப்புகு காட்சியில் கம்பர் வழி கைவிடப்பட்டது. தீ மூட்டுமாறு பணிக்கப்பட்ட இலக்குவன் சினந்து எதிர்க்கின்றான். அவ்வளவில் காட்சி உயர்ந்தே நிற்கின்றது. உடனே இராமன், கவரப்பட்டவள் நிழற்சீதையே என்றும், உண்மைச் சீதை தீக்கடவுளிடம் பாதுகாவலாக வைக்கப்பட்டவள் என்றும், அவளை மீட்டுக்கொள்ளவே இத்தீ என்றும் விளக்குகின்றான். துளசிதாசர் நூலில் உள்ள செய்தியே இது. ஆண்டு அது பக்திப் பொருளுக்கு இயைந்தது. நாடகத்திலோ அதன் விளைவு வேறு. இலக்குவனின் இடித்துரை பொருளற்றதாகிவிடுகின்றது. கடிதற்கு ஒன்றும் நிகழவேயில்லை என்றாகிவிடுகின்றது. அரசனைக் குற்றமற்றவனாக்க விரும்பிய நாடகம், குற்றத்தை நீக்குவதற்கு மாறாகக் கேட்பாரின் வாயை அடைத்துவிட்டது. இராவணன் அவையில் இடிப்பார் அனைவரையும் விரிவாகப் பேசவிட்ட அதே தொடர் இராமன் பக்கத்தில் இங்ஙனம் செய்தது. மண்டோதரி கணவனைக் கடிந்துரைக்கும் காட்சிகள் அதில் உண்டு. அவற்றைக் கண்டு வருந்துவோர்க்குச் சீதை பக்கத்தில் அத்தகைய துயர் கிட்டவில்லை.

(தொடரில் சீதையாக நடித்தவரும் இராவணனாக நடித்தவரும் 1991-இல் ஒரே கட்சியின் சார்பில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இராமனாக நடித்தவர் 2024-இல்தான் அங்குச் சென்றார். வாக்காளர் வேந்தர் இருவரையும் வேறுபாடின்றி ஏற்றனர் போலும்!)

பிறநாட்டுக் கற்பனை நாடகங்களிலும் இக்கோல் பொருந்துதல் காணலாம். 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக வந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்னும் ஆங்கிலத் தொடரில் அரியணைக்கு உரிமை கோருவோர் பலர். அவருள் ஸ்டானிஸ் என்பான் முறை தவறாதவன் எனப் பெயர் பெற்றவன். முற்றுகையில் பசித்திருந்த தன் படைக்கு வெங்காயம் கடத்திவந்து உயிர்காத்த டாவோஸ் என்பானுக்கு உதவிக்காகச் சிறப்பும், முன்செய்த கடத்தலுக்காக விரல்நுனி துண்டிப்பும் ஒருங்கே அளித்தவன் அவன். அந்த டாவோசே அவனை அஞ்சாது இடித்துரைப்பவனுமாயினான். அவனை வேறொரு பணிக்கென அப்பால் அனுப்பிய பின்னரே ஸ்டானிஸ் தன் மகளைத் தீயிலிடுகின்றான். அடிமைத்தளை அறுத்தவள் எனப் போற்றப்பட்ட டனேரிஸ் என்னும் அரசியும், தன்னை ஐயுற்ற அமைச்சன் வேரிசைக் கொன்ற பின்னரே நகரை எரிக்கின்றாள். இவ்விருவருள் யார் தீயவர் எனப் பார்த்தோர் இன்றும் வழக்கிடுகின்றனர். எமக்கு அவ்விருவர் வீழ்ச்சியும் ஒரு வழியினவாகவே தோன்றுகின்றன. அந்நாடக ஆசிரியர் திருக்குறளைக் கற்றவரல்லர்; எனினும் தீமைக்கு முன்னர் இடிப்பாரை அகற்றும் காட்சியை வைக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். இராமகதை பக்திப் பனுவல். அதன் தலைவன் இறைவன். மன்னரை அளக்கும் கோலை இறைவன்மேல் வைத்தல் தகுமோ என்பர். தகும் என்பதற்கு உத்தரகோசமங்கையே சான்று. மணிவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் இத்தலத்து இறைவனை ஊரின் பெயரோடு சார்த்தி அரசன் என்றே பலகால் விளிக்கின்றார். ஐம்பது பாடல்களும் குடிமகன் ஒருவன் தன் வேந்தன் முன் நின்று, என்னைக் கைவிடுவாயோ எனக் கேட்கும் முறையீடாகவே அமைந்தவை. முறையீடு அழுகையோடு நிற்கவில்லை. கைவிடுவாயாயின் உன்னைப் பித்தன் என்று கூறிப் பிறர் சிரிக்கச் செய்வேன் என இறைவனையே அச்சுறுத்தும் அளவிற்கு அது செல்கின்றது. அடிமை கூறிய அவ்விடித்துரையைத் தமிழ்ச் சைவர் இழிசொல்லாகக் கருதாமல், திருமுறையுள் வைத்து இன்றும் ஓதுகின்றனர்.