நாள் பார்ப்பதும் நெஞ்சைப் பார்ப்பதும்

நல்ல நேரமும் இராகு காலமும் பார்ப்பது நம் வழக்கமன்று என்று கூறிக்கொள்ளும் இல்லங்களிலும் இன்று வேறொரு பெயரில் நாள் பார்க்கப்படுகிறது. பிறந்த தேதியைக் கைபேசியில் இட்டால் மூன்று வண்ணங்களில் மூன்று அலைகள் தோன்றும். உடல் வலிமைக்கு 23 நாள், உள்ளக் கிளர்ச்சிக்கு 28 நாள், அறிவாற்றலுக்கு 33 நாள். அலை மேலிருந்தால் தேர்வெழுதலாம். கீழிருந்தால் ஒதுங்கியிருத்தல் நலம். நடுக்கோட்டைக் கடக்கும் நாளில் வண்டியோட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். ‘பயோரிதம்’ எனப்படும் இதில் கிரகமோ நட்சத்திரமோ வருவதில்லை. ஆதலின் இது சோதிடமன்று, அறிவியலே என நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் ஆராயத்தக்கது.

பெர்லின் நகரில் மூக்கு, தொண்டை மருத்துவராயிருந்த வில்ஹெல்ம் ஃபிளீஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 23, 28 ஆகிய எண்களைக் கொண்டு மனித வாழ்வு முழுவதையும் விளக்க முற்பட்டார். வியன்னாவின் ஹெர்மன் ஸ்வோபோடாவும் இவ்வெண்களை முன்வைத்தார். 33 என்பது 1920களில் இன்ஸ்ப்ரூக் நகரத்து ஆசிரியர் ஆல்ஃபிரட் டெல்ச்சரின் பெயரால் வந்து சேர்ந்தது. ஃபிளீஸின் நண்பர் சிக்மண்ட் ஃபிராய்டு, 23உம் 28உம் சேர்ந்தால் 51 ஆகிறதே என்று தம் 51ஆம் வயதை அஞ்சியிருந்தார். அவர் இறந்ததோ 1939இல், 83ஆம் வயதில். இவ்வெண்களின் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறு கணக்கொன்று காட்டிவிடும். பதினொரு 23 என்பது 253, ஒன்பது 28 என்பது 252, கழித்தால் 1. ஒன்று கிடைத்தபின் எந்த முழு எண்ணையும் இவ்விரண்டிலிருந்து வருவித்துக்கொள்ளலாம். எதற்கும் பொருந்தும் எண் எதையும் நிறுவுவதில்லை. 1998இல் டெரன்ஸ் ஹைன்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 134 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இக்கொள்கைக்கு ஆதாரமில்லை என்று எழுதினார்.

தமிழகத்துக்கு இத்தகைய கணக்கு புதிதன்று. சித்தர் மரபில் போற்றப்படும் பஞ்சபட்சி சாத்திரம் மாந்தரை வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்து பட்சிகளுக்குரியோராகப் பிரிக்கிறது. பகலும் இரவும் ஐவைந்து சாமங்கள். சாமமொன்றுக்கு 6 நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிடம். ஒவ்வொரு சாமத்திலும் அவரவர் பட்சி அரசு, ஊண், நடை, துயில், சாவு என்னும் ஐந்தொழில்களுள் ஒன்றில் இருக்கும். கட்டமைப்பின் நுட்பத்தில் பெர்லின் மருத்துவரின் அலைகள் இதற்கு ஈடாகமாட்டா என்பதே நம் கருத்து. பிறந்த நட்சத்திரம் அறியாதோர்க்குப் பெயரின் முதல் உயிரொலியைக் கொண்டு பட்சியை அறியும் வழியும் உண்டு. அரபி மொழி கற்பிப்போர் இவ்விடத்தில் புன்னகைக்காமல் இருக்க இயலாது. அரபியில் அஹ்மது, இப்ராஹீம் இரண்டும் ஒரே அலிஃபில் தொடங்குகின்றன. உமர் தொடங்குவது ‘ஐன்’ எனும் மெய்யில். தமிழ்ச் செவியோ அ, இ, உ எனக் கேட்டு, வளர்பிறையில் இம்மூவருக்கும் முறையே வல்லூறும் ஆந்தையும் காகமும் வழங்கிவிடுகிறது.

எனினும் இரண்டின் குறையும் ஒன்றே. இன்று அம்மனிதர் எவ்வாறு இருக்கிறார் என்று பாராமலே அவருடைய இன்றைய நிலையைக் கூறிவிடுவதே அக்குறை. இது வெறும் அறிவுப் பூசலன்று. சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் சாலை பிரிகிறது. ஒருபுறம் மறைமலை நகர், மறுபுறம் பரனூரை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டி. மூன்று ஷிப்டுகளுக்கும் ஆளேற்றும் கம்பெனி பேருந்துகள் அச்சந்தியில் இரவெல்லாம் ஓடுகின்றன. ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் வேலை செய்யும் இளைஞர், தமக்கு நேரும் சோர்வையும் சினத்தையும் மறதியையும் பிறந்த தேதியின் அலையில் தேடுகின்றார். அதிகாலை 3 மணிமுதல் 5 மணிவரை மனித உடலின் விழிப்பு தாழ்ந்திருப்பது ஊரறிந்த உண்மை. காரணம் ஷிப்டு அட்டவணையில் இருக்க, பழி பிறப்பின்மீது விழுகிறது.

மெய்யான சுழற்சிகள் உடலில் இல்லாமலில்லை. அவற்றை ஆராய்ந்ததில் மதுரைக்குச் சிறப்பான இடமுண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் (1937–2009) தம் குழுவினருடன் குகை வௌவால்களைப் பல்லாண்டு ஆய்ந்தார். இருண்ட குகையில் கூண்டிலடைத்த தனி வௌவால், தன் இனத்தார் மாலையில் புறப்பட்டு விடியலில் திரும்பும் அரவத்தைக் கொண்டே நாளை அறிந்துகொண்டது. இனத்தார் இல்லாக் குகையில் அதன் நாட்கணக்கு மெல்ல விலகியது. இம்முடிவு 1981இல் வெளியாயிற்று. பின்னர் கடிகாரமும் பகலொளியும் எட்டாத தனியறையில் மனிதரைப் பல நாள் தங்கவைத்து அவர்தம் உறக்கத்தையும் விழிப்பையும் குறித்தனர். உடலின் கடிகாரம் சுற்றத்தையும் ஒளியையும் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வது. பிறந்த கணத்தில் முடுக்கிவிடப்பட்டு, நோயிலும் பயணத்திலும் இரவுப் பணியிலும் ஒரு நாளும் பிசகாமல் ஓடும் அலை அதற்கு முற்றிலும் வேறானது.

ஃபிளீஸின் 28 பெண்களின் மாதச் சுழற்சியிலிருந்து பெறப்பட்டது. அச்சுழற்சியை நம் ஃபிக்ஹு நூல்கள் கையாளும் முறையை இதனருகில் வைத்துப் பார்க்கவேண்டும். ஹைளின் குறைந்த அளவு ஒரு பகலும் இரவும், மிகுந்த அளவு 15 நாள் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. குறைந்தது 3, மிகுந்தது 10 என்பது ஹனஃபீ மத்ஹபு. மிகுந்த அளவைக் கடந்து உதிரப்போக்கு நீடித்துக் குழப்பம் நேருமிடத்து, சட்ட அறிஞர்கள் அப்பெண்ணின் ‘ஆதத்’தை, அதாவது அவளுக்கு முன்பு வழமையாயிருந்த நாட்களை வினவுகின்றனர். அவள் கவனித்து நினைவில் வைத்த கணக்கு தொழுகை, நோன்பு ஆகியவற்றின் சட்டத்தையே தீர்மானிக்கும் சான்றாகிறது. எல்லாப் பெண்களுக்கும், ஏன், ஆண்களுக்கும்கூட 28 என்று விதிக்கும் துணிவு அவர்களுக்கு வரவில்லை.

மனநிலையின் ஏற்றத்தாழ்விலும் இதே கவனம் தெரிகிறது. நபிகளாரின் அவையிலிருக்கும்போதுள்ள நெஞ்சம் இல்லம் திரும்பியபின் இல்லையே எனக் கலங்கிய ஹன்ளலா (ரலி) அவர்களுக்கு, அது நயவஞ்சகமன்று, நேரத்துக்கு நேரம் மாறுவதே என்ற ஆறுதல் கிடைத்தது. நைசாபூரின் இமாம் குஷைரீ (ரஹ்) தம் ‘ரிஸாலா’வில் ‘கப்ளு’, ‘பஸ்து’ எனும் ஒடுக்கத்தையும் விரிவையும் பேசுகையில், சிலவேளை ஒடுக்கத்தின் காரணம் அதற்குள்ளானவருக்கே புலப்படாது என்றும், அதனை வலிந்து விரட்ட முயன்றால் மிகும் என்றும் கருத்துரைக்கிறார். அதற்கு நாட்கணக்கு ஏதும் அவர் கூறவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் வணிகன் தன் பங்காளியிடம் கணக்குக் கேட்பதுபோல் நஃப்ஸிடம் கேட்கச் சொல்கிறார்: காலையில் உடன்படிக்கை, பகலெல்லாம் கண்காணிப்பு, இரவில் கணக்கு. அங்கே பார்க்கப்படுவது அன்றைய நாள்.

மணிக்கட்டில் கட்டும் கருவிகள் இவ்வகையில் அலைப்படத்தினும் மேலானவை; அவை நாடித்துடிப்பையாவது இன்று பார்க்கின்றன. ஆயினும் பார்த்தவற்றை ஒரே மதிப்பெண்ணாக எவ்வாறு சுருக்குகின்றன என்பதைப் பயனாளர் முழுதும் அறிவதில்லை. நன்றாய் உறங்கியெழுந்தவரும் குறைந்த எண்ணைக் கண்டு கலங்குவதுண்டு. 2017இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இக்கலக்கத்துக்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்றே பெயரிட்டனர்.

இரவுப் பணி செய்யும் இளைஞருக்கு நாம் பரிந்துரைப்பது ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு. அன்றைய ஷிப்டு, உறங்கிய நேரம், எழுந்த நேரம், மனநிலை குறித்து இரண்டு சொல் போதும். ஷிப்டு மாறிய வாரங்களையும் மாறாத வாரங்களையும் இரண்டு மாதத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். மருத்துவரிடமோ அட்டவணை வகுப்போரிடமோ எடுத்துச் சென்று காட்டவும் செய்யலாம்.