பெயர் ஓர் ஊர், புகழ் ஓர் ஊர்

ஒரு கால்பந்து அணியின் ஒரு வருஷத்து ஆட்டத்தைக் கதையை விமர்சிப்பதுபோல் விமர்சிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் செய்யலாம். தொடக்கமும் சிக்கலும் முடிவும் உள்ள எதுவும் விமர்சனத்துக்கு உட்பட்டதுதான். 2018-19ஆம் ஆண்டில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையை வென்ற கதையில் இவை எல்லாமே இருந்தன. அது நடந்த இடம் சென்னை அல்ல. எங்கள் கோயமுத்தூர், வ.உ.சி. பூங்காவை ஒட்டிய நேரு விளையாட்டரங்கம்.

அந்த வெற்றியை ‘அதிசயம்’ என்று பலர் சொன்னார்கள். இந்தச் சொல்லை நான் ஏற்பதற்கில்லை. முந்திய வருஷம் பத்து அணிகளில் எட்டாவதாக வந்த அணி மறு வருஷம் முதலாவதாக வந்தால், பார்ப்பவனுக்கு அதிசயமாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் கண்ணெதிரே இருந்தது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளர் ஒரே முறையைப் பிடித்துக்கொண்டார். பந்தைத் தூக்கி அடிக்காதே, தரையோடு தரையாகச் சிறுகச் சிறுகக் கைமாற்று என்பதே அது. ஸ்பெயினின் கீழ்நிலை அணிகளில் ஆடிய நெஸ்டர், சாண்ட்ரோ போன்றவர்களுக்கு அது பழக்கமான வித்தை. முன்னால் நின்ற பெட்ரோ மான்ஸி 21 கோல்கள் போட்டார். நல்ல தறியும் நல்ல நூலும் இருந்தால் நல்ல துணி வருகிறது. மில் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொடக்கம் பிரமாதம். 2018 அக்டோபரில் முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸை 4-1 என்று வென்றார்கள். ஈஸ்ட் பெங்காலைக் கல்கத்தாவிலும் இங்கேயும் தோற்கடித்தார்கள். ஆனால் கடைசிக்கு முந்திய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றதால், எல்லாம் 2019 மார்ச் 9ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று.

அன்று எதிரே நின்றது முந்திய வருஷத்துச் சாம்பியனான மினெர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிஷத்திலேயே அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தை அவர்கள் ஜெயித்தும் விட்டார்கள். இங்கே சமமாக முடிந்திருந்தால்கூடக் கோப்பை கல்கத்தாவுக்குப் போயிருக்கும். இடைவேளைக்குப் பிறகு மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோல்களையும் போட்டவர், தற்காப்பு வரிசையைச் சேர்ந்த கௌரவ் போரா! 3-1. இருபது ஆட்டங்களில் 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கதாநாயகனை விட்டுவிட்டு, பின்வரிசை மனிதன் கையில் முடிவைக் கொடுக்க எத்தனை நாவலாசிரியர்களுக்குத் துணிவு வரும்? எனக்கு வந்திருக்காது.

இவ்வளவும் பாராட்டு. குறை எங்கே என்றால், முடிவுக்குப் பிறகு வரவேண்டிய அத்தியாயத்தில். 2019-20இலிருந்து ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலைப் போட்டியாயிற்று. ஐ-லீக் இரண்டாம் படிக்கு இறங்கியது. வென்ற கோப்பையின் மதிப்பு, வென்றவர் கையிலேயே குறைந்தது. 2020-21 ஐ-லீக் முழுவதும் கொள்ளைநோய்க் கட்டுப்பாட்டால் வங்காளத்திலேயே நடந்தது. அதற்குப் பின் ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை.

சங்கத்தைக் குறை சொல்வது சுலபம். எங்கள் ஊரையும் நான் கேட்கவேண்டியிருக்கிறது. நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை என்றால் கூடைப்பந்து பார்க்க வருஷந்தோறும் கூட்டம் சேருகிற ஊர் இது. அந்தக் கோப்பை தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. கால்பந்து அணியோ வாடகைக்கு வந்த குடித்தனக்காரன். நெற்றியில் சென்னையின் பெயர். கோல் விழுந்தால் கைதட்டினோம். காலி செய்து போனபோது ஏன் என்று கேட்க ஆளில்லை. சென்னைவாசிகளுக்கோ, கண்ணால் காணாத அணிக்காக அழ என்ன இருக்கிறது?

பெயர் ஓர் ஊரிலும் புகழ் ஓர் ஊரிலும் இருந்தால், நினைவு எந்த ஊரிலும் தங்குவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக்கை வென்ற முதல் அணி அது. நேரு விளையாட்டரங்கத்தின் வாசலில் அந்த வருஷத்தையும் அந்தப் பதினொருவர் பெயரையும் ஒரு கல்லில் வெட்டி வைக்கப் பெரிய செலவாகாது. அதுகூடச் செய்யாவிட்டால், விருந்தாளி கொண்டுவந்த பழத்தைத் தின்றுவிட்டு அவன் பெயரை மறந்தவர்கள் என்றுதான் நம்மைச் சொல்வார்கள்.