கை மாற்றிய இடம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால் திறக்க நேரமாகும். துறைமுகத்துப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் எதிரில் இன்னொன்று வந்துவிடும். அந்தக் காத்திருப்பில்தான் நான் கோடுகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முன்னால் நிற்கும் லாரியின் பின்பலகையில் ஒரு தாமரை, இரண்டு கிளி, கண்ணேறு கழிக்க ஓர் அசுர முகம். கை பழகிய பெயின்டர் இதழை ஒரே இழுப்பில் முடித்திருப்பார். பழகாதவர் முனைக்கு வந்ததும் தயங்கியிருப்பார். அந்தத் தயக்கம் பெயின்டில் ஒரு குமிழாக நின்றுவிடும். மழையும் வெயிலும் பட்டு நிறம் போன பிறகும் அந்தக் குமிழ் மட்டும் போகாது.

அந்தக் கண்ணோடுதான் பிந்து கலைப் பள்ளியின் படங்களை ஒரு விற்பனைக் கண்காட்சியில் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு மயில். உடம்பு முழுக்க நீலம், தோகை முழுக்கப் புள்ளிகள். சுவரில் ஒட்டியிருந்த குறிப்பைப் படிக்காமல் நேரே படத்தின் முன்னால் போய் நின்றேன். கழுத்தின் வளைவில் எனக்குப் பழக்கமில்லாத ஏதோ ஒன்று இருந்தது. லாரிக்காரர் கோடு மணிக்கட்டிலிருந்து சுழன்று வரும், முனையில் ஊசியாக மெலியும். இந்தக் கோடு மெலியவே இல்லை. தொடங்கிய கனத்திலேயே போய், அதே கனத்தில் நின்றது. தோளிலிருந்து வந்த கோடு அது. கரும்பலகையில் பெரிய வட்டம் போடும்போது நம் கை முழுதும் அசையுமே, அந்த அசைவு.

பிறகுதான் குறிப்பைப் படித்தேன். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பாரதபுரம் என்ற குடியிருப்பு. தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள் வாழும் இடம். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள் பத்மா வெங்கட்ராமனும், ஆஸ்திரிய ஓவியர் வெர்னர் டோர்னிக்கும் 2005-ல் அங்கே இந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள். சேர்ந்தவர்களில் பலர் முதியவர்கள், அதுவரை தூரிகையைத் தொடாதவர்கள். சிலருக்கு விரல்கள் மடங்கியிருந்தன, சிலருக்கு விரல்களே இல்லை. தூரிகையைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வரைந்தார்கள். அந்தப் படங்கள் ஐரோப்பா வரை போய்க் காட்சிக்கு வைக்கப்பட்டன, விற்றன.

தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்றுதான் எங்கள் தெருவில் சொல்வார்கள். அது உண்மையில்லை. கிருமி தாக்குவது நரம்பை. உணர்ச்சி போய்விடுகிறது. அடுப்பு சுட்டாலும் தெரியாது, கல் குத்தினாலும் தெரியாது. புண் ஆறாமல் ஆறாமல் விரல் குறைந்துபோகிறது. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியும் காட்டினார்.

படம் பார்ப்பவருக்கு இது எதற்கு? காரணம் இருக்கிறது. உணர்ச்சியுள்ள கை, தூரிகை தாளை எவ்வளவு அழுத்துகிறது என்பதைத் தானே அறியும். உணர்ச்சியில்லாத கைக்குப் பதிலாகக் கண்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். ஆகவே கோடு மெதுவாகப் போகிறது. மெதுவாகப் போகும் கோட்டில் நிறம் தேங்கும். நான் பார்த்த மயிலின் நீலம் ஓரங்களில் கெட்டியாகவும் நடுவில் இளசாகவும் இருந்தது அதனால்தான். புள்ளிகளும் அப்படித்தான்: ஒவ்வொன்றும் மேலிருந்து ஒரே ஊன்றலில் விழுந்தவை, ஒன்றுகூட இழுபட்டிருக்கவில்லை. பயிற்சி பெற்ற ஓவியர்கள் வருஷக்கணக்காக முயன்றும் கைவராத ஒரு நிதானம் அது. அனுதாபத்தில் இதைச் சொல்லவில்லை. கேட்டில் நின்று ஆயிரம் தாமரை பார்த்த கண் சொல்கிறது.

கை போவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. பிரஸ், கட்டிங் மிஷின், லேத் என்று ஏதாவது ஒன்றில் விரலைக் கொடுத்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஸ்டான்லிக்கு. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். அங்கே மருத்துவர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கிய கை அறுவைப் பிரிவு, நாடே அறிந்த ஒன்று. என் சித்தப்பாவுக்கு வலது கையில் மிஞ்சிய மூன்று விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அந்த வார்டுதான்.

கண்காட்சியில் என்னை வருத்தியது ஒன்றுதான். வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குறிப்பைப் படித்தார்கள். "பாவம்" என்றார்கள். ஒன்று வாங்கினார்கள். அந்தப் படம் வீட்டில் ஆணியில் ஏறுமா, பீரோவுக்குப் பின்னால் போகுமா? நல்ல காரியத்துக்காக நடக்கும் விற்பனைகளில் எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் இது. பணம் யாருக்குப் போகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி, கேட்கத்தான் வேண்டும். ஆனால் படத்தின் கீழே முதலில் இருக்க வேண்டியது வரைந்தவரின் பெயர். பிறகு ஆண்டு, அளவு, வண்ணம். நோய் அதற்கெல்லாம் பிறகு வரட்டும். விலையைக் குறைத்துக் கேட்கவும் கூடாது, தர்மமாகக் கூட்டிக் கொடுக்கவும் கூடாது. குறைத்தால் உழைப்புக்கு அவமதிப்பு. கூட்டினால் படத்துக்கு.

இந்தியாவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து நீங்கியதும் அதே 2005-ன் கடைசியில்தான். சட்டத்தில் அதை மணவிலக்குக் காரணமாக வைத்திருந்ததை நீக்க 2019 ஆயிற்று. அத்தனை காலமும் கணக்குப் போட்டால், தொட அஞ்சி விலக்கிய கைகள் வரைந்ததை ஒருவர் காசு கொடுத்து வாங்கி, கூடத்தில் மாட்டி, வருகிறவர்களுக்குக் காட்டுவது சின்ன விஷயமாகத் தெரியவில்லை எனக்கு.

மயிலை நான்தான் வாங்கினேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்ட இருந்த ஒரே சுவர், காலண்டர் சுவர். காலண்டரைச் சமையலறைக்கு மாற்றினேன். யார் வரைந்தது, எங்கே வரைந்தது என்று சித்தப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அவர் வந்தார், தண்ணீர் குடித்தார், சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போனார். கழுத்து வளைவில், கோடு ஒரு நூலளவு விலகி மறுபடி சேரும் இடத்தில், தன் மூன்று விரலில் ஒன்றை வைத்தார். நானும் அந்த இடத்தை நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன், தயக்கம் என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

"இங்க பார்டா," என்றார். "இந்த எடத்துல கைய மாத்திப் புட்சிகினு இருக்காரு. வலி எடுத்திருக்கும் தோள்ல. அப்பால நிக்காம இழுத்துட்டாரு."